செல்லையாவுக்கு நான் கை காட்டவில்லை

என்னைக் கேட்டால், கால்பந்தாட்டம் பந்தில் தொடங்குவதில்லை, கால் நகத்தில் தொடங்குகிறது. போன மாதம் ரெஃபரி பயிற்சி வகுப்பில் இப்படிச் சொன்னபோது எல்லாரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும். அவர்கள் சட்டைப் பையில் மஞ்சள் அட்டையும் சிவப்பு அட்டையும் இருக்கின்றன. அடிபட்டவனை வெளியே அனுப்பினால் அவனுக்குப் பதில் இன்னொருவனை இறக்கிக்கொள்ளலாம். மைதானத்து ஓரத்தில் டாக்டர், ஸ்ட்ரெச்சர், ஐஸ் என்று ஒரு குட்டி ஆஸ்பத்திரியே காத்திருக்கிறது. எங்கள் காலத்தில் இவற்றில் ஒன்றும் கிடையாது. ஒரு விசிலும் ஒரு கடிகாரமும்தான் ஆயுதம். எச்சரிக்கை என்றால் வாயால் சொல்வதுதான்.

"சாரே, கார்டே இல்லாம எங்ஙனெ கண்ட்ரோல் செய்தீங்க?" என்று வகுப்பில் ஒருவர் எழுந்து கேட்டார். நல்ல கேள்விதான். ஆனால் அவருக்கு நான் ஆட்டத்தை எப்படி அடக்கினேன் என்று தெரிய வேண்டியிருந்தது. எனக்கோ, ஆடுகிறவன் முழு உடம்போடு வீட்டுக்குப் போக என்ன செய்தேன் என்பதைத்தான் சொல்ல ஆசை. அரை மணி வகுப்பில் அது அடங்காது. அதனால் எழுதுகிறேன்.

நான் கரமனை அக்ரஹாரத்துக்காரன். நாடு சுதந்திரம் அடைந்த வருஷம் எனக்குத் திருவனந்தபுரத்தில் ஓர் அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர் உத்தியோகம் கிடைத்தது. எங்கள் தெருவில் ஆடிட்டர் உண்டு, வக்கீல் உண்டு, கோயில் மணியம் உண்டு. டிரில் மாஸ்டர் நான் ஒருவன்தான். தெருக்காரர்களுக்கு அது உத்தியோகமா, தண்டனையா என்று கடைசிவரை விளங்கவில்லை. மறு வருஷம் ரெஃபரி பரீட்சை எழுதித் தேறினேன். பரீட்சை சுலபம். விதிப் புத்தகத்தை நெட்டுருப் போடுவதில் எங்கள் தெருக்காரர்களை யார் மிஞ்ச முடியும்? மைதானத்தில் இறங்கிய பிறகுதான் கால் தரையில் பட்டது.

என்னை லைன்ஸ்மேனாக வைத்துக்கொண்டவர் குட்டன் பிள்ளை சார். நகரத்து ரெஃபரிகளுக்கெல்லாம் மூத்தவர். பட்டாளத்தில் தேகப்பயிற்சி ஹவில்தாராக இருந்தவர். காக்கி அரை டிரவுசரில் மடிப்பு கத்தி மாதிரி நிற்கும். விசிலை ஒவ்வோர் ஆட்டத்துக்கு முன்னும் வெந்நீரில் கழுவுவார். ஆட்டத்துக்கு முன்னால் ஏத்தம்பழம் என்கிற நேந்திரம்பழம் ஒன்றை அவித்துத் தானும் தின்று எங்களையும் தின்ன வைப்பார். ரெஃபரி வெறும் வயிற்றோடு நின்றால் கோபத்தில் விசில் ஊதுவான் என்பது அவர் கட்சி. என்னை ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லாவற்றுக்கும் "எடோ"தான். பாராட்டு என்பது அவர் வாயில் கிடையாது. ஆட்டம் முடிந்ததும் ஒரே ஒரு குற்றம் சொல்வார், சைக்கிளில் ஏறிப் போய்விடுவார். அந்தக் குற்றம் எப்போதும் சரியாக இருக்கும் என்பதுதான் எரிச்சல். மைதானத்தில் அவர் ஓடி நான் பார்த்ததில்லை. நடப்பார். ஆனால் பந்து எங்கே விழுகிறதோ அங்கே அவர் முன்னாலேயே நின்றுகொண்டிருப்பார்.

அவருடைய பரிசோதனையைப் பார்க்கவே ஜனங்கள் சீக்கிரம் வருவார்கள். இரண்டு அணிகளையும் எல்லைக் கோட்டோரம் காலை நீட்டி வரிசையாக உட்கார வைப்பார். அந்தக் காலத்தில் பாதிப் பேர் பூட்ஸ், பாதிப் பேர் வெறுங்கால். ஒரே அணியில் இரண்டும் இருக்கும். பூட்ஸின் அடியில் தோல் வட்டங்களை ஒன்றன்மேல் ஒன்றாகக் குமிழ் போல் வைத்து ஆணி அடித்திருப்பார்கள். தோல் தேயத் தேய ஆணி முனை எட்டிப் பார்க்கும். கண்ணுக்குத் தெரியாது, விரலுக்கும் சில சமயம் தட்டுப்படாது. குட்டன் பிள்ளை சார் கொஞ்சம் பஞ்சை எடுத்து ஒவ்வொரு குமிழ் மேலும் தேய்த்துக்கொண்டே போவார். இழை எங்கே ஒட்டுகிறதோ அங்கே ஆணி. "போய் அடிச்சுட்டு வா" என்பார். சுத்தியலால் அடித்துச் சரிசெய்து திரும்பக் காட்டினால்தான் ஆட்டம். வெறுங்கால்காரனுக்கு நகம். அடிக்கடி தட்டுப்பட்டுத் தடித்துப்போன பெருவிரல் நகம் எதிராளியின் கெண்டைக்காலைக் கிழித்துவிடும். அதை அங்கேயே வெட்ட வேண்டும்.

பிறகு மோதிரம், சங்கிலி, ஏலஸ். ஏலஸ் என்பது மந்திரத் தகட்டைச் சுருட்டி உள்ளே வைத்து இடுப்பில் கட்டும் உலோகக் குழல். அதைக் கழற்றச் சொன்னால் எப்பேர்ப்பட்ட சூரனுக்கும் முகம் சுண்டிவிடும். "பகவதி சார், கழட்டினா தோஷம்" என்பான். "பகவதி என் பாக்கெட்டில இருக்கட்டும். என்னையும் அவங்கதான் காப்பாத்தணும்" என்று வாங்கி வைத்துக்கொள்வேன். பெரிய ஆட்டங்களில் என் சட்டைப் பையில் பல தெய்வங்கள் ஒன்றாகக் குடியிருந்தார்கள். எனக்கு ஓர் அடிகூடப் பட்டதில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

இந்த வேலை என் கைக்கு வந்ததும் எங்கள் தெருவில் பேச்சு கிளம்பியது. கண்டவன் காலையும் தோல் பூட்ஸையும் தொடுகிறான் என்று. ஆட்டம் முடிந்தால் நேரே கரமனை ஆற்றில் முழுகிவிட்டுத்தான் வீட்டுப் படி ஏறலாம். மழைக்காலத்தில் ஆற்றில் கலங்கல் தண்ணீர். மைதானத்துச் சேற்றைவிட அது எந்த விதத்தில் சுத்தம்? என் மனைவி பர்வதம் ஒருத்திதான் இதை வேடிக்கையாக எடுத்துக்கொண்டாள்.

"எனக்கு இது புதுசா என்ன? கல்யாணத்துல மெட்டி போடறச்சேயே என் நகத்தைத்தானே உத்துப் பாத்தேள்! இவ ஆட லாயக்கான்னு யோசிக்கறேளோன்னு நெனச்சுண்டேன்" என்றாள்.

பார்த்திருப்பேன்.

ஒரு பருவத்தில் வெறுங்கால் வீரர்கள் அடிக்கடி முழங்காலுக்குக் கீழே வெட்டுப்பட்டு வெளியேறினார்கள். நகம் பார்த்தாயிற்று, பூட்ஸ் பார்த்தாயிற்று, ஒன்றும் இல்லை. வெட்டோ பிளேடு போட்ட மாதிரி. குட்டன் பிள்ளை சாருக்கே பிடிபடவில்லை. ஒருநாள் எங்கள் கரமனைக்காரன் ஒருவனின் கணுக்காலைப் பிடித்துத் திருப்பியபோது என் விரல் முட்டி அவன் துணிக்கட்டின் மேல் இடித்தது. கதவைத் தட்டினாற்போல் 'டொக்' என்றது.

விஷயம் இதுதான். வெறுங்கால்காரர்கள் பழைய வேட்டியைக் கிழித்துக் கணுக்காலில் இறுக்கிச் சுற்றிக்கொள்வார்கள். ஆட்டம் முடிந்து அது வீட்டுக்குப் போகும். வீட்டுப் பெண்கள் அதைத் துவைத்து, ஆபீஸ் வேட்டிக்குப் போடுகிற அதே கஞ்சியில் முக்கி, மொடமொடவென்று வெயிலில் காய வைத்து அனுப்புவார்கள். கௌரவமான குடும்பம். பையன் பெரிய மனிதர்கள் முன்னால் ஆடப் போகிறான், கட்டு மட்டும் தொளதொளவென்றா இருக்கும்? காய்ந்த கஞ்சியில் அந்தத் துணியின் ஓரம் தகரம் மாதிரி நின்றது. நான் கழற்றச் சொன்னபோது அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. "எங்க மன்னி நன்னா வெள்ளை வெளேர்னு தோய்ச்சுக் கொடுத்தா சார். இதுல என்ன தப்பு?" என்றான். தப்பு ஒன்றும் இல்லை என்றுதான் சொன்னேன். அன்றிலிருந்து மைதானத்தில் ஒரு வாளி தண்ணீர் வைத்தேன். கட்டுப் போட்டவர்கள் எல்லாரும் காலை வாளியில் முக்கிக் கஞ்சியைக் கசக்கிப் போக்கிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். வெட்டுகள் நின்றன. எனக்கு 'வாளி சாமி' என்று பெயர் வந்தது. ஊர் எனக்குக் கொடுத்த ஒரே பட்டம் அது. இன்றைக்கும் சாலைக் கடைத்தெருவில் யாராவது கிழவர் அப்படிக் கூப்பிட்டால் நான் திரும்பிப் பார்ப்பேன், சந்தோஷமாகவே.

இதெல்லாம் ஆட்டத்துக்கு முன்னால் செய்கிற காரியம். ஆட்டத்துக்கு நடுவில் அடிபட்டு விழுந்தவனை என்ன செய்வது என்பது வேறு. அதற்கும் குட்டன் பிள்ளை சாரிடம் ஒரு முறை இருந்தது.

"எடோ, விழுந்தவன்கிட்ட வேதனை உண்டோன்னு கேக்கக் கூடாது. இல்லன்னே பறைவான். அவனைச் சங்கடப்படுத்தாம கணக்கு கேளு. ஸ்கோர் என்ன, கோல் யாரு போட்டது, நீ எந்தப் பக்கம் அடிக்கிறே. வாய் பொய் சொல்லும். கணக்கு சொல்லாது, கேட்டோ."

எனக்கு இது பயன்பட்ட நாளைத்தான் இனிச் சொல்லப் போகிறேன்.

திருவாங்கூரும் கொச்சியும் ஒரே மாநிலமாக இருந்த காலம். திருவனந்தபுரத்து ஆரியசாலைக் கடைத்தெருவின் தமிழ் வியாபாரிகள் சேர்ந்து ஓர் அணி நடத்தினார்கள். மேனேஜர் சிவதாணுப் பிள்ளை, மிளகாய் மொத்த வியாபாரி, நாஞ்சில் நாட்டுக்காரர். அந்த அணியின் உயிர் செல்லையா. போனக்காடு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன். தாயும் தகப்பனும் கொழுந்து பறிக்கிறவர்கள். இவன் மலையிலிருந்து இறங்கி வந்து சிவதாணுப் பிள்ளையின் மிளகாய்க் கிட்டங்கியில் மூட்டை தூக்கிக்கொண்டே ஆடினான். வெறுங்கால்தான். நகம் எப்போதும் ஒழுங்காக வெட்டியிருக்கும். வரிசையில் உட்கார்ந்ததும் நான் கேட்கும் முன்பே காலை வாளிக்குள் விட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சிரிப்பான்.

அந்த வருஷம் இந்த அணி இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டது. எதிரே கொல்லத்து அணி. ரெஃபரி நான், மேற்பார்வை குட்டன் பிள்ளை சார். ஓர் அரசாங்கத் துறை தன் அணிக்கு ஆள் எடுத்துக்கொண்டிருந்தது. அதன் அதிகாரி அன்று பந்தலில் உட்கார்ந்திருந்தார். செல்லையாவின் ஆட்டத்தை முழுக்கப் பார்த்துவிட்டு, திருப்தியாக இருந்தால் நிரந்தர வேலை என்று சிவதாணுப் பிள்ளையிடம் சொல்லியிருந்தார். இது மைதானம் முழுக்கத் தெரியும். எனக்கும் தெரியும். மலைக்குத் திரும்பாமல் ஊரில் நிலைக்க அவனுக்கு அது ஒன்றுதான் வழி என்பதும் தெரியும்.

காலையிலிருந்து மழை. ஆட்டத்துக்குச் சற்று முன்னால்தான் விட்டது. அந்தக் காலத்துத் தோல் பந்து தண்ணீரைக் குடித்துக் குடித்துக் கல்லாகிவிடும். முதல் பாதியில் செல்லையா ஒரு கோல் போட்டான். கூட்டம் குடைகளை வானத்தில் எறிந்தது. அடுத்த சில நிமிஷங்களில் அந்தப் பந்து உயரப் போய் இறங்கியது. செல்லையாவும் கொல்லத்து சென்டர் ஹாஃபும் ஒரே நேரத்தில் எழும்பினார்கள். தலையும் தலையும் மோதிய சத்தம் எனக்குக் கேட்டது. கொல்லத்துக்காரன் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான், கொஞ்ச நேரத்தில் எழுந்துவிட்டான். அவன் என் கேள்விகளுக்கெல்லாம் எரிச்சலோடு சரியாகப் பதில் சொன்னான். செல்லையா சேற்றில் குப்புற விழுந்து அசையாமல் கிடந்தான்.

விசில் ஊதினேன். அவனை எல்லைக் கோட்டுக்கு வெளியே தூக்கிப் போனார்கள். எங்கள் ஊர் வைத்தியம் ஒன்று உண்டு, தலையில் அடிபட்டால் கோலி சோடாவை உடைத்து மேலே ஊற்றுவது. அதைச் செய்தார்கள். அவன் எழுந்து உட்கார்ந்தான். நின்றான். சிரித்தான். கம்பவுண்டர் நாடி பிடித்துப் பார்த்து, "நல்லா இருக்கு, ஆடலாம்" என்றார். அன்று மைதானத்தில் இருந்த வைத்தியம் எல்லாம் அந்தக் கம்பவுண்டரும் அவர் கையிலிருந்த அயோடின் குப்பியும்தான்.

நான் பக்கத்தில் போனேன்.

"செல்லையா, ஸ்கோர் என்ன?"

"ஒண்ணுக்கு சைபர் சார். நாமதான் முன்னால" என்றான். சுற்றி நின்ற கூட்டம் அதைத்தான் கத்திக்கொண்டிருந்தது.

"அந்த கோல் யார் போட்டா?"

ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தான். பிறகு தைரியமாக, "வறீது" என்றான்.

வறீது அவனோடு ஆடுகிற முன்னணி வீரன். அவன் உட்பட எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். செல்லையா தமாஷ் பண்ணுகிறான் என்று நினைத்தார்கள். அவர்கள் சிரிப்பதைப் பார்த்து அவனும் சிரித்தான். ஆனால் எதற்குச் சிரிக்கிறோம் என்பது அவனுக்குத் தெரியவில்லை. அதை நான் அவன் கண்ணில் பார்த்தேன்.

விதியில் எனக்கு இருந்த அதிகாரம் மிகச் சின்னது. இவன் ஆடத் தகுதி இல்லாதவன் என்று சொல்ல நான் டாக்டர் இல்லை. அப்படி ஒரு விதியும் அன்றைக்கு இல்லை. இருந்தது இது ஒன்றுதான். வெளியே போன வீரன், ரெஃபரி கை காட்டாமல் உள்ளே வரக்கூடாது. வந்தால் எச்சரிக்கை. மறுபடி வந்தால் வெளியேற்றம்.

"நீ இங்கேயே நில்லு. நான் கை காட்டினா வா" என்று சொல்லிவிட்டு ஆட்டத்தைத் தொடங்கினேன்.

கோட்டருகே வந்து நின்றான். பந்து அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் "சார்! சார்!" என்று கையைத் தூக்கினான். நான் அவனை நேராகப் பார்த்துத் தலையை அசைத்தேன், கூடாது என்று. பார்க்காத மாதிரி இருந்திருக்கலாம். அது அவனை அவமதிப்பதாகும். மாற்று ஆள் கிடையாது என்பதால் அவன் அணி பத்துப் பேரோடு ஆடியது. கூட்டத்துக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் ஆரம்பித்தது.

இடைவேளையில் சிவதாணுப் பிள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நேரே என்னிடம் வந்தார். கூடவே செல்லையா.

"என்னவே சாமி இது? பய நிக்கான், நடக்கான், சிரிக்கான். கம்பவுண்டர் ஆடலாம்னு சொல்லியாச்சு. பொறவு உமக்கு என்ன?"

"கோல் யார் போட்டதுன்னு அவனுக்கு ஞாபகம் இல்லை, அண்ணாச்சி."

"போட்டவனுக்கு எதுக்குவே ஞாபகம்? பாத்த நமக்கு இருக்குல்லா? மேல ஒருத்தரு உக்காந்து பாத்துக்கிட்டிருக்காரு. இவன் பொழைப்புவே அது! என்ன வந்தாலும் நான் பொறுப்பு, போதுமா?"

செல்லையா என் கையைப் பிடித்துக்கொண்டான். "என் தலைதானே சார்? என் ஓன் ரிஸ்க்குல ஆடுதேன். உங்க மேல ஒரு குத்தமும் வராது" என்றான்.

ஓன் ரிஸ்க். எங்கள் ஊரில் ஆபீஸ் படி ஏறாதவனுக்கும் தெரிந்த இங்கிலீஷ் அது. சைக்கிள் ஸ்டாண்டில் எழுதிப் போட்டிருக்கும், பஸ்ஸில் மூட்டை ஏற்றும்போது கண்டக்டர் சொல்வான். சொன்னவன் கை கழுவிவிடலாம். எனக்கும் அந்தக் கணத்தில் கை கழுவ ஆசையாகத்தான் இருந்தது. பயந்தேன். பந்தலில் அதிகாரி, சுற்றிலும் கூட்டம், முன்னால் ஒருவனுடைய பிழைப்பு. ஆனால் தலை சைக்கிள் இல்லை. என் பொறுப்பு என்று சொல்கிறவனுக்கு, தான் என்ன சொல்கிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும். அரை மணிக்கு முன்னால் தான் போட்ட கோலே தெரியாதவன், நாளைக்குத் தனக்கு என்ன ஆகும் என்பதற்கு எப்படிப் பொறுப்பேற்பான்? பொறுப்பேற்கத் தெளிவு இருந்தவர்களில் விசில் என் கையில்தான் இருந்தது. பிள்ளை பொறுப்பு என்றால், அந்தப் பந்து இன்னொரு முறை அவன் தலையில் இறங்கினால் பிள்ளை என்ன செய்துவிடுவார்?

"கூடாது, செல்லையா" என்றேன்.

அவன் கையை விட்டான். கெட்ட வார்த்தை ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

இரண்டாம் பாதியில் கொல்லம் இரண்டு கோல் போட்டு வென்றது. அதிகாரி பாதியிலேயே எழுந்து போனார். ஆட்டம் முடிந்ததும் சோடா பாட்டில்கள் பறந்தன. ஒரு பக்கத்தில் மலையாளிகள், தமிழனை இளக்காரமாகச் சொல்கிற 'பாண்டி' என்ற பெயரால் என்னைத் திட்டினார்கள், இன்னொரு பக்கத்தில் தமிழனைக் காட்டிக்கொடுத்த தமிழன் என்று திட்டினார்கள். இரண்டு பாஷையிலும் ஒரே நாளில் திட்டு வாங்கிய பெருமை எனக்கு மட்டும்தான் இருக்கும். கம்பவுண்டர் மட்டும் அருகில் வந்து, யாரும் கேட்காத குரலில், "அவன் பக்கத்துல உக்காந்து ஸ்கோர் என்ன, ஸ்கோர் என்னன்னு கேட்டுக்கிட்டே இருந்தான் சாமி. சொல்லச் சொல்ல மறுபடியும் கேட்டான்" என்றார். புகார் வந்தால் அதைக் கால்பந்துச் சங்கக் கமிட்டியிலும் வந்து சொல்வீர்களா என்று கேட்டேன். அவர் அயோடின் குப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

சிவதாணுப் பிள்ளை புகார் கொடுத்தார். கமிட்டி கூடியது. ரெஃபரி தன் அதிகாரத்தை மீறினார், தகுதியுள்ள வீரனைக் காரணமின்றி நிறுத்தினார் என்பது குற்றச்சாட்டு. நிரூபணமானால் என் ரெஃபரி வாழ்க்கை அதோடு முடிந்தது. குட்டன் பிள்ளை சார் அன்றைக்கும் அதே மடிப்புக் காக்கியில் வந்து உட்கார்ந்திருந்தார். என்னை ஒரு வார்த்தை முன்கூட்டிக் கேட்கவில்லை, தைரியமும் சொல்லவில்லை. கமிட்டித் தலைவர் அவரைப் பார்த்து, "விதி என்ன சொல்லுது?" என்றார்.

குட்டன் பிள்ளை சார் எழுந்து நின்றார். "வெளியே போன பிளேயர், ரெஃபரி சிக்னல் வரைக்கும் காத்து நிக்கணும். அதுதான் விதி. எத்தனை நேரத்துக்குள்ள சிக்னல் கொடுக்கணும்னு எந்த வரியிலும் இல்ல. இவன் கொடுக்கல. அவன் காத்து நின்னான். ரெண்டு பேரும் விதிப்படிதான் நடந்தாங்க" என்றார். உட்கார்ந்தார்.

தலைவர் புகாரை மடித்து ஓரமாக வைத்தார்.

வெளியே வந்ததும் வழக்கமான குற்றத்துக்காகக் காத்திருந்தேன். குட்டன் பிள்ளை சார் சைக்கிள் பூட்டைத் திறந்தார். "எடோ, கோல் விழுந்தப்ப நீ நின்ன இடம் சரியில்ல" என்று சொல்லிவிட்டு ஏறிப் போனார். அவ்வளவுதான். எனக்கு ஊரே மாலை போட்ட மாதிரி இருந்தது. நான் செய்ததில் அவர் கண்டுபிடித்த ஒரே தப்பு அது.

செல்லையாவைச் சிவதாணுப் பிள்ளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். சில நாள் தலைவலி இருந்தது, படுத்திருக்கச் சொன்னார்கள், பிறகு சரியாகிவிட்டது. அந்த வேலை வறீதுக்குப் போயிற்று. செல்லையா போனக்காட்டுக்கே திரும்பிப் போனான். அதன் பிறகு கடைத்தெருவில் என்னைப் பார்க்கிறவர்கள் எல்லாம், "கண்டீரா, அவனுக்கு ஒண்ணும் ஆகலையே" என்றார்கள். ஏதாவது ஆகியிருந்தால் நான் செய்தது சரி என்று ஒப்புக்கொண்டிருப்பார்கள் போலிருக்கிறது. ஒன்றும் ஆகவில்லை என்பதற்காகத்தானே நான் அத்தனை திட்டையும் வாங்கினேன்! ஆணி குத்தாத கால், கிழியாத கெண்டைச் சதை, உடையாத தலை, இவற்றுக்கு யாரும் கோப்பை கொடுப்பதில்லை. அவை அப்படியே வீட்டுக்கு நடந்து போய்விடும். எத்தனையோ பேர் என் ஆட்டங்களிலிருந்து அப்படி நடந்து போயிருக்கிறார்கள். இதை எழுதும்போது எனக்கு நெஞ்சு நிமிர்கிறது, அதை மறைப்பானேன்?

ஆனால் செல்லையா விஷயத்தில் மட்டும் ஓர் உறுத்தல் இருந்தது. நான் செய்தது சரி என்பதில் சந்தேகம் இல்லை. அதற்கான விலையை நான் கொடுக்கவில்லை, அவன் கொடுத்தான். அதுதான்.

நாஞ்சில் நாடு சென்னை மாநிலத்தோடு சேரப் போகிறது என்று ஊரெல்லாம் பேசிக்கொண்டிருந்த சமயம். ஒரு மாலை பள்ளிக்கூட மைதானத்தில் நான் கயிறு சுருட்டிக்கொண்டிருந்தபோது செல்லையா வந்து நின்றான். கொஞ்சம் சதை போட்டிருந்தான். தோட்டத்துத் தொழிற்சாலையில் இலை வாட்டுகிற பகுதியில் வேலை என்றான். கல்யாணம் ஆகிவிட்டதாம். நான் உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"உங்க மேல கோவம் இன்னும் போகல சார்" என்றான்.

"போக வேண்டாம். இருக்கட்டும்" என்றேன்.

"நான் அதுக்கு வரல. ஒண்ணு கேக்கணும்." கொஞ்சம் தயங்கினான். "அந்த கோலு. இன்னிக்கு வரைக்கும் எனக்கு ஞாபகம் வரல சார். வாளியில கட்டு நனைச்சது தெரியுது. சோடா ஊத்துனது தெரியுது. நடுவுல ஒண்ணுமே இல்ல. மலையில எல்லாரும் அதச் சொல்லச் சொல்லிக் கேக்காங்க. வறீது ஒரு மாதிரி சொல்லுதான், அண்ணாச்சி ஒரு மாதிரி சொல்லுதாரு. என் வாழ்க்கையில போட்ட பெரிய கோலு, நான் மட்டும் பாக்கல. நீங்கதான் பக்கத்துல நின்னீங்க. எப்படிப் போட்டேன் சார்?"

கயிற்றைக் கீழே போட்டேன். சொன்னேன்.

"கோலுக்கு முன்னால தண்ணி தேங்கிக் கிடந்தது. வறீது வலது பக்கத்துலேருந்து கார்னர் அடிச்சான். பந்து எல்லாரையும் தாண்டி உன்கிட்ட வந்தது. நீ தலையால முட்டப்போறேன்னு கோல்கீப்பர் ஏற்கெனவே மேல குதிச்சுட்டான். நீ மார்ல வாங்கிக் கீழ போட்டே. தண்ணியில விழுந்த பந்து குதிக்காம அப்படியே நின்னுடுத்து. அப்போ உனக்கும் கோலுக்கும் நடுவுல யார் நின்னுண்டிருந்தா தெரியுமா?"

"யாரு சார்?"

"நான்தான். கால் சேத்துல மாட்டிண்டு நகர முடியல. நீ என்னைப் பாத்து, 'குனியும் வே சாமி!'ன்னு ஒரு கத்து கத்தினே."

"அய்யோ! வே போட்டா சொன்னேன்?"

"போட்டுத்தான் சொன்னே. ரெஃபரிய அப்படிக் கத்தினதுக்கு உன்னை எச்சரிச்சிருக்கணும். நான் குனிஞ்சேன். நீ வெறுங்காலால அந்தக் கல்லு பந்தைத் தண்ணியிலேருந்து வாரி என் முதுகுக்கு மேல அடிச்சே. காதுகிட்ட காத்து அடிச்சது. நிமிர்ந்து பாத்தா பந்து வலைக்குள்ள கிடக்கு. கோல்கீப்பர் இன்னும் பந்தைத் தேடிண்டிருக்கான்."

செல்லையா சிரிக்க ஆரம்பித்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தான். சிரித்து முடித்து மேல்துண்டால் முகத்தைத் துடைத்தான். துடைத்துவிட்டு என்னை நேராகப் பார்த்தான்.

"இம்புட்டு நல்லா ஆடுனவனையா சார் வெளிய நிப்பாட்டுனீங்க?"

"ஆமாண்டா, அவனைத்தான்" என்றேன்.